அக்கா பேசியதில் பாதி

என் உயிரான செல்வி அக்கா,

தர்ஷினி இல்லாத வீட்டிலிருந்து எழுதுகிறேன். உன் மகள் இப்போது சிம்பாங் அம்பாட்டில், அத்தான் வீட்டில் இருக்கிறாள்.

மலாய்ப் பள்ளியில் படித்த உனக்குத் தமிழ் எழுத வராது. எதையும் போனில் குரலாகப் பதிந்துதான் அனுப்புவாய். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கும் உன் நாத்தனாருக்கும் கடைசியாக அனுப்பியதும் அப்படித்தான். அந்தக் குரலையே நாங்கள் துண்டு போட்டுவிட்டோம்.

உன் கருமாதிச் சாப்பாடு முடிந்து, பிள்ளையை யார் வளர்ப்பது என்று பேச உட்கார்ந்தோம். பெரியப்பா நடுவில். நாத்தனார் போனில் உன் குரலைப் போட்டார். "தர்ஷினி அவங்க அப்பாகிட்டயே வளரட்டும்." அதோடு நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

என் போனில் அடுத்த வரியைப் போட்டேன். "ஆனா அவரு மறுபடி குடிச்சா, ஒரு நாள்கூட அங்க விட்டு வைக்காதீங்க." அதற்கும் அடுத்த வரி வருவதற்குள் அம்மா போனைப் பிடுங்கினார். "போதும்லா, இதுவே போதும்."

அது என்ன வரி என்று உனக்குத் தெரியும். "அம்மாவால முடியாது, தம்பிக்கு ஷிப்ட் வேலை. அங்கயும் பிள்ள தனியாத்தான் கெடப்பா."

நாத்தனார் விடுவாரா? "ஏன் நிறுத்துறீங்க? மிச்சத்தையும் போடுங்கலா!" என்றார். பெரியப்பா இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "ரெண்டு பேரும் தோதானத மட்டும் பொறுக்குறீங்க. நான் எத நம்ப? புள்ள அப்பன்கிட்டயே போவட்டும்." அவர் மேல் என்ன தப்பு?

ஜாசின் பாசாரில் ரம்புத்தான் பழம் வாங்கும்போது, அடியில் கிடப்பதையும் பார்க்கக் கூடையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாய். நான் போட்ட சண்டையை எனக்கு ஏற்றபடி சொன்னாலும், "அடிக்கூடையக் கொட்டுடா" என்பாய். உன் குரலுக்கு மட்டும் அதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லையே, அக்கா.

அத்தான் மறுபடி குடிக்கிறார். நேற்று தர்ஷினி போனில், "அம்மாதான் என்னை இங்க இருக்கச் சொன்னாங்களா, மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய்.

பத்து பெரண்டாம் ஊரில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் பகல் வேலை மட்டும் கேட்டிருக்கிறேன். கிடைக்குமா, தெரியாது. எப்படியானாலும் ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போகிறேன். தர்ஷினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீ பேசியதை முதலிலிருந்து கடைசிவரை போடுவேன். எங்களைப் பற்றிச் சொன்னதையும்தான். அம்மா கை நீட்டினாலும் இந்த முறை போனைக் கொடுக்க மாட்டேன்.

உன் பேச்சை முழுதாகக் கேட்டும் பாதியை மட்டும் போட்டுக் காட்டிய
உன் தம்பி