ராசா உத்தரவு

அண்ணா,

உங்கள் மகன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் உருவாக்குவதுதான் அவன் வேலை. நம் கோவிந்தாபுரம் கூத்தில் வரும் கழுமரத்து ராசாவை வைத்து ஒன்று செய்திருக்கிறான். வரி கட்டாதவர்களைக் கழுவில் ஏற்றிய அந்தப் பாவியை, மனசுக்குள் அழுகிற நல்லவனாக்கிவிட்டான். போதாததற்கு உங்கள் முகத்தையும் கொடுத்திருக்கிறான். பெருமையாக லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

எழுபதுகளில் மாரியம்மன் நோம்பி வந்தால் ராசா வேஷம் உங்களுக்குத்தான். விரதமிருந்து, அம்மன் முன்னால் மகுடம் வைத்துவிட்டால், வேஷக்காரன் வாக்கு அம்மன் வாக்கு. தர்பார் கட்டத்தில் கூட்டத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டுத் தண்டனை சொல்வான், மறுக்கக் கூடாது. எல்லாம் சிரிப்புக்குத்தான். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விடாத ஒருவரை ஊருக்கே சுக்குக் காப்பி போட வைத்தீர்கள். அவர் மனைவிதான் அதிகம் சிரித்தார்.

அந்த வருஷம் என்னைக் கூப்பிட்டீர்கள். எனக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா சம்மதித்து டிரங்குப் பெட்டிகூட வாங்கிவிட்டார். உங்களுக்கோ பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்மேல் கொள்ளை ஆசை. அவளைத் தர வேண்டுமென்றால் அவள் அண்ணனுக்கு என்னைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் சண்டை போட்டுப் பார்த்தீர்கள், அப்பா மசியவில்லை.

நான் சிரித்துக்கொண்டேதான் முன்னால் வந்தேன். பாட்டுப் பாடச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.

"இந்தப் புள்ள இனிப் படிக்கப் போகக் கூடாது. வர்ற தையில பொள்ளாச்சி மாப்பளைக்குக் கழுத்த நீட்டோணும். இது ராசா உத்தரவு."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்தார், கோயில் பக்கம் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "வேசத்துல சொன்ன வாக்குக் கண்ணு, மீறுனா அம்மன் கேப்பா" என்று அவரும் அழுதார். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அம்மனையே உங்களுக்கு அடியாள் ஆக்கிக்கொண்டீர்கள். அதை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

ஒரே பந்தலில் இரண்டு கல்யாணமும் நடந்தன. என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்தார்கள். நீங்களும் சாகும்வரை, என்னால்தானே நல்லா இருக்கிறாய் என்று சொல்லிக்காட்டினீர்கள்.

உங்கள் மகனிடம் இதுவரை சொன்னதில்லை. அந்தப் பொள்ளாச்சிப் பெண்தானே அவனைப் பெற்றவள். ஆனால் நேற்று, "அப்பா மாதிரியே இருக்குதுங்களா அத்தை?" என்று அவன் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லேப்டாப்பை மூடிவிட்டுக் கேட்டான்.

"அவரும் போய்ச் சேந்துட்டாரு. மன்னிச்சரக் கூடாதுங்களா?"

"அவரு கேக்கவே இல்லியே கண்ணு."

நீங்கள் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் உத்தரவுக்கு என் படிப்பைக் கொடுத்தேன். இந்தக் கோபத்தை எவன் உத்தரவுக்கும் கொடுக்க மாட்டேன்.