செவலை எந்தப் பக்கம் திரும்பும்

பெங்களூர்,
மார்கழி

அன்புள்ள அப்பாவுக்கு ரோகிணி எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி இருக்கின்றன? இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு அவனியாபுரம் முழுக்கக் கேட்க வைப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்ததும் போனில் ஒரு ஜல்லிக்கட்டு கேம் விளையாடுவேன். அதில் நான் வளர்க்கும் காளைக்கு நம் வீட்டுக் காளை செவலையின் பழக்கங்களையே பழக்கியிருக்கிறேன். விளையாடுகிறவர்கள் தங்கள் விளையாட்டு விவரங்களைக் கேட்கிறவர்களுக்குத் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்று இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. எதை விற்பது, எதைப் பூட்டி வைப்பது என்பது நம் இஷ்டம். நான் யோசிக்காமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். வந்த காசில் நல்ல தலையணை வாங்கினேன், நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பிறகுதான் உறைத்தது. வாடிவாசலைத் தாண்டியதும் என் காளை எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் விற்பனையில் இருந்தது. பிடிக்க வருகிறவனுக்கு அது தெரிந்தால் போதாதா? உடனே அதை மட்டும் பூட்டிவிட்டேன். நல்லவேளை, அந்த ஒன்றை அதுவரை யாரும் வாங்கவில்லை. அறையில் என்னோடு இருக்கும் திவ்யா சிரித்தாள்.

"வெறும் கேம்தானடி இது."

"எங்கூர்ல மாடு பிடிக்கிற பயலுகளும் இதத்தான் வெளையாடுறாய்ங்க" என்றேன்.

பொங்கலுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை. செவலைக்குப் பருத்திக்கொட்டையைக் குறைத்துவிடாதீர்கள். ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். ஒரு தடவை செவலையின் பின்னால் நின்று என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது என்று எனக்கு மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ரோகிணி