அங்கமுத்து மாமாவின் நாலு பாடு

அக்டோபர் 8, புதன்

ஊர்த் தலைவர் ஆதிகேசவன் சம்மதித்துவிட்டார்! மறுநாள் ஏரியில் வலை கட்ட யார் யாருக்குப் பாடு, அதாவது முறை, என்ற அறிவிப்பை இனி அவர் குரலில் என் லேப்டாப்பில் பதிவு செய்து கோயில் ஸ்பீக்கரில் போடலாம். சரியாக வந்தால் மாசித் திருவிழா சவுண்டும் எனக்கே. வராவிட்டால்? நைனா பொன்னேரியில் செல்போன் கடையில் சொல்லி வைத்திருக்கிறார். கவர் விற்கணும். நானா?

அக்டோபர் 9, வியாழன்

தலைவர் ஆள் ஆறடி, குரல் கொசு. ஈக்வலைசரில் அடிச்சத்தத்தை, அதாவது பேஸை, ஏற்றி, மூக்குச் சத்தத்தைக் குறைத்தேன். கேட்டுவிட்டு, "யாரும்மா இது?" என்றார்.

"நீங்கதான் தலைவரே."

மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். டீ ஆறியே போனது. அந்த உற்சாகத்தில் டிலேயும் சேர்த்தேன் — சொன்னது சற்றுத் தள்ளித் திரும்பத் திரும்ப ஒலிக்கும், கம்பீரமாக இருக்கும். சாயங்காலம் ஊரே நின்று கேட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று அங்கமுத்து மாமாவுக்குப் பாடு. நல்ல இறாலாம்.

அக்டோபர் 11, சனி

ஐயோ. இன்று வேலு அண்ணன் முறை. போய்ப் பார்த்தால் அங்கமுத்து மாமா வலையோடு நிற்கிறார்!

"எம்பேரை நாலு வாட்டி சொன்னாங்க. நாலு நாளும் என்னுது."

அவர் பேர்தான் கடைசி. மற்ற பேர்கள் திரும்ப வரும்போது அடுத்த பேர் அமுக்கிவிட்டது. இவருக்குப் பின்னால் யாருமில்லை. எனக்கு ஏன் தோணலை? ஏன்டி ஜமுனா, மண்டையில இன்னாதான் இருக்கு?

"அது எக்கோ மாமா. தேஞ்சுகினே போச்சுல்ல?" என்றேன்.

"மெதுவா சொன்னா சொல்லலைன்னு ஆயிடுமா?"

நைனா பொன்னேரிக்கு ரயில் நேரம் விசாரிக்கிறார். எனக்கு அழுகையாக வருகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

பஞ்சாயத்து. டிலேயோடு ஒரு தரம், இல்லாமல் ஒரு தரம் போட்டுக் காட்டினேன். அங்கமுத்து மாமா விரல் விட்டு எண்ணினார்.

வேலு அண்ணன் எழுந்தார். "இந்த மிஷினே வேணாம். பழையபடி தலைவரே நேரா மைக்குல சொல்லட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பழையபடின்னா... இந்தக் கொரல்லயா?"

வேலு அண்ணன் மெல்ல உட்கார்ந்துகொண்டார்.

"அங்கமுத்துக்கு ஒரு நாள்தான். அவன் பறிச்ச நாளுக்குப் பதிலா நாளைக்கு வேலு போவட்டும். டிலேயை எடுத்துரும்மா. அடிச்சத்தம் இருக்கட்டும்." பிறகு என்னிடம் மெதுவாக, "இந்தத் தீர்ப்பையும் பதிவு பண்ணிப் போட்டுடு" என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

மாசித் திருவிழா சவுண்ட் எனக்கே! நைனா கோபத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரிக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

சாயங்காலம் தலைவர் சம்சாரம் ரங்கம்மாள் அத்தை வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "வூட்லயும் அந்தக் கொரல்லயே பேசுறாரும்மா. தண்ணி கேட்டாக்கூட தீர்ப்பு சொல்ற மாதிரி இருக்குது. கொறைக்க எதுனா பட்டன் இருக்குதா?" என்றார்.