மிதிச்சுக் கூப்பிட்ட நாய்கள்

ஆவணி 15, ஞாயிறு

காலையிலயே வெயில். காத்து இல்ல.

இன்னிக்கு வீட்டுல இருந்தவுக: மகன் முருகேசன், மருமக செல்வி, நாய்ச் சங்கத்துக்காரர் கோபால், எம். புதுப்பட்டியிலருந்து வந்த சீனியம்மா, அவ மக லச்சுமி, லச்சுமி இடுப்புல கைப்பிள்ளை, நான். சுவத்துல எங்க வீட்டுக்காரவுக போட்டோ. அவுக போய் ஒம்பது வருசமாச்சு. நாய் விக்கிற அன்னிக்கு மட்டும் புது மாலை போடாம விட்டதில்ல, அதனால அவுகளையும் சேத்தே எழுதுறேன்.

(முருகேசன்னு முழுசா எழுதக் கை வலிக்கி. மூணாப்பு வரைக்கும் படிச்ச கை. இனிமே மு.)

எங்க தாய் நாய் பவுனு போட்ட குட்டியில மூணு மிச்சம். ஏழு மாசம். வீரன், ராசா, ரெண்டும் ராஜபாளையம் ஜாதிக்குச் சொன்ன மாதிரி பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. மூணாவது பொட்டு, பொட்டை. இடுப்புல உள்ளங்கை அகலத்துக்குக் காப்பிக் கலரு. அப்படிக் கலர் விழுந்த குட்டி இந்த வீட்டுல தங்குறதில்ல. சாக்குல கட்டிக் கண்மாய்ல. இதை மட்டும் நான் அரிசிக் குதிருக்குப் பின்னால ஒளிச்சு வச்சு வளத்துட்டேன்.

மு. வெடிப் பரீச்சை வச்சான். எப்பவும் வைக்கிறதுதான். நாயைப் புழுதியில உக்கார வச்சு, பத்தடி பின்னால ஒரு குருவி வெடி. வீரன் அசையல. ராசா அசையல. பொட்டு ஒரே ஓட்டம், கட்டிலுக்கடியில மூத்திரம் பேஞ்சுட்டா. கோபால் கை தட்டினாரு. “இதுதான் ஜாதி ரத்தம்.”

சீனியம்மா வெடிக் கம்பெனியில திரி வைக்கிறவ. அவ மு. பக்கம் திரும்பவே இல்ல. எங்கிட்டதான் கேட்டா. “பெரியம்மா, மருமகன் குடிச்சிட்டு வந்து இவளப் போட்டு அடிக்கான். பகல்ல நான் கம்பெனிக்குப் போயிருதேன். நாய் குலைச்சா அக்கம்பக்கத்துல ஓடியாருவாக. இது குலைக்குமா? அவரு சொல்றது வேண்டாம், நீங்க சொல்லுங்க.”

நான் வம்சத்தச் சொன்னேன். வீரன் அம்மா பவுனு, பவுனு அம்மா சின்னராணி, அப்படியே மூச்சு விடாம ஏழு தலைமுறை, வெள்ளையன் வரைக்கும். வெள்ளையன் அவுக வாங்கியாந்த நாய், முப்பது வருசம் முந்தி. கோபால் சங்கத்துப் பாரத்துல எழுதி எழுதிப் பேனா மை தீந்துபோச்சு. “தைரியமாக் கூட்டிட்டுப் போ”ன்னேன்.

எங்க வீட்டு வழக்கத்தையும் சொல்லிக்குடுத்தேன். நாயப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தரையில ரெண்டு மிதி. ஜமீன் வீட்டுப் பழக்கம்னு அவுக சொன்னது. லச்சுமி மிதிச்சுப் பாத்தா. வீரன் வாலாட்டிட்டு ஓடியாந்தான். பிள்ளை சிரிச்சுச்சு. வீரனையே வாங்கிட்டுப் போனாக.

பாரத்துல பண்ணைய ஆரம்பிச்சவர் பேரு கேட்டாக. செல்விதான் சொன்னா. கட்டிவந்த நாள்லருந்து அவுக பேரு என் வாயில வந்ததில்ல. ரேஷன் கார்டுக்கே பக்கத்து வீட்டுக்காரியத்தான் சொல்லச் சொன்னேன்.

ராத்திரிக்குச் சோளத் தோசை. முட்டி வலி பரவாயில்ல.

ஆவணி 17, செவ்வாய்

கொத்தமல்லி காயப்போட்டேன். மேகம் வந்துட்டு வந்துட்டுப் போகுது.

பகல்ல தெருநாய் நாலஞ்சு வாசல் கிட்ட வந்து கடிச்சுக்கிட்டு ஒரே சண்டை. காது கிழியுது. பொட்டு வாயில இருந்த சோத்த விட்டுட்டுக் கேட்டுக்கு ஓடினா. பவுனும் ராசாவும் கயித்துக் கட்டில்ல, காலைப் பரத்திப் போட்டுத் தூக்கம்.

நாய் குலைச்சா நாய் எந்திரிக்காதா?

செல்விகிட்டச் சொன்னேன். “பெரிய இடத்து நாய் அத்தை, தெருநாய மதிக்காது”ன்னா. சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

ஆவணி 19, வியாழன்

இன்னிக்கு நானே பரீச்சை வச்சேன். வெடி இல்லாம.

தரையில நின்னா மிதிக்கிற அதிர்வு தெரியும், அதனால நாய் கட்டில்ல இருக்கணும். ஆளத் தெரியக் கூடாது, அதனால கொடியில சேலையக் கட்டி அதுக்குப் பின்னால நான். காத்து நாய்ப் பக்கமிருந்து என் பக்கம் வரணும், இல்லாட்டி வாடை பிடிச்சிரும். ஒரு கையில எவர்சில்வர் தட்டு, ஒரு கையில கரண்டி. ஜன்னல்ல செல்வி. நாய் காது ஆடுதா, அத மட்டும் பாருன்னு சொல்லியிருந்தேன். ஆடினா சுவத்துல கரிக்கோடு. ஒரு நாய்க்குத் தட்டுல பத்து அடி.

பொட்டு: பத்துக்குப் பத்து. கடைசியில கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சே போயிட்டா.
ராசா: ஒண்ணுமில்ல.
பவுனு: ஒண்ணு. அது ஈ உக்காந்ததுக்கு ஆடினதுன்னு செல்வி சொல்றா. இருக்கட்டும், ஒண்ணுன்னே கோடு போட்டேன். ஆடினத ஆடலைன்னு நான் எழுதமாட்டேன்.

அப்புறம் ராசாவத் தரையில இறக்கிவிட்டு, பின்னால நின்னு மெதுவா ஒரு மிதி. உடனே திரும்பி வாலாட்டுது.

வெடிக்கு அசையாதது தைரியமில்ல. வெடிக்கு ஓடினவளுக்குக் காது கேக்கு, ஓடாதவனுக்குக் கேக்கல. அப்ப வீரனுக்கும் கேக்காது. வீரனும் அன்னிக்கு அசையல.

முப்பது வருசமா ஓடின குட்டிய எல்லாம் கலப்புன்னு தள்ளிட்டு, செவிட்டுக் குட்டியத் தேடித் தேடி இணை சேத்திருக்கோம். காப்பிக் கலர் விழுந்தத சாக்குல கட்டினோம். சாக்கு எடுத்துக் குடுத்தது யாரு? நான்தான். அஞ்சு தடவை. எந்தச் சாக்கு, எந்த ஈத்து, எல்லாம் ஞாபகம் இருக்கு.

காப்பி குடிக்கல.

ஆவணி 20, வெள்ளி

மு. வெடிக் கம்பெனியிலருந்து வந்ததும் கேட்டேன். அவனுக்குச் சீசன், லோடு ஏத்துற கவலை.

“ஏலே, வீரனுக்குக் காது கேக்குமா?”

“உனக்கு வேற வேலையில்லையாம்மா?”

சுவத்துக் கோட்டக் காட்டினேன். பாத்தான். ஆச்சரியப்படல. அதத்தான் கவனிச்சேன். ஆச்சரியமே படல.

“தெரியுமா உனக்கு?”

“இங்கன காது கேக்குற நாய வச்சு என்ன செய்ய? தீபாவளிக்கு அம்புட்டும் கயித்த அத்துக்கிட்டுச் சாத்தூர் ரோட்டுல ஓடுது. நம்ம நாய் நிம்மதியாத் தூங்குது. வாங்கினவனும் நிம்மதியா இருக்கான்.”

“சீனியம்மா தூங்குறதுக்கா நாய் வாங்கினா?”

செல்வி ரசத்தக் கொதிக்க விட்டுட்டா.

இப்பவே போய்ச் சொல்லுடான்னேன். ஞாயித்துக்கிழமை சிவகாசியில நாய்க் கண்காட்சி, ராசாவக் கூட்டிட்டுப் போறோம், மதுரையிலருந்து படிச்ச ஜட்ஜு வாராரு, அவரு சொல்லட்டும், சொல்லிட்டா நானே வீரனத் திருப்பிக் கூட்டியாரேன்னான். நான் ஒத்துக்கிட்டேன். படிச்சவர் வாயால வந்தா ஊரு கேக்கும்னு ஒரு சபலம்.

ரெண்டே நாளுதானேன்னு நெனச்சேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆவணி 22, ஞாயிறு

கண்காட்சி. பந்தலு, மைக்கு, வீடியோ எடுக்கிறவன். நாயக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வச்சிருக்கானுக. ஒருத்தன் நாய் இடுப்புல சாக்பீஸ் மாவ அப்பிக் கலர மறைக்கான். இன்னொருத்தன் பொண்டாட்டி லிப்ஸ்டிக்க வாங்கி நாய் மூக்குல இழுக்கான், ரோஸ் வேணுமாம். நாய் அத நக்குது. த்தூ.

இன்னொண்ணு பாத்தேன். நாய் வச்சிருந்தவன் பாதிக்கு மேல மிதிச்சுத்தான் கூப்பிடுதான். அங்கன ஒரு மிதி, இங்கன ஒரு மிதி. எங்க வீட்டுக் குட்டி வாங்கினவுக, அவுககிட்ட வாங்கினவுக. எல்லாம் வெள்ளையன் வம்சம். ஒரு மைதானம் பூராவும் நாங்க பண்ணினது.

ராசாவுக்கு முதல் பரிசு, கப்பு. நான் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு ஜட்ஜுகிட்டப் போனேன். கோபால் மறிச்சாரு. “ஏ பெரியம்மா, வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுங்க.” நான் நிக்கல.

ராசா மேஜை மேல நின்னுச்சு. பின்னால தட்டுல அடிச்சேன். பந்தல்ல இருந்தவுக எல்லாரும் திரும்பினாக. பரிசு வாங்கின நாய் மட்டும் திரும்பல.

ஜட்ஜு நல்ல மனுசன் மாதிரிதான் சிரிச்சாரு. “பாட்டிம்மா, எங்க பேப்பர்ல காது எப்படி மடங்கணும், எம்புட்டு நீளம், அதுக்குத்தான் மார்க். கேக்குறதுக்கு மார்க் கிடையாது.”

“காது வேற எதுக்குங்க?”

“பாக்க.”

எல்லாரும் சிரிச்சாக. மு.வும் சிரிச்சான். ஜட்ஜு கண்ணால பாத்தாரு, பாத்ததுக்கப்புறம்தான் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போட்டாரு. தெரியாம செஞ்சாருன்னு நான் சொல்லமாட்டேன்.

“ஜட்ஜு சொல்லிட்டாருல்ல”ன்னு வேன்ல மு. கப்பத் துடைச்சுக்கிட்டே சொன்னான். நாளைக்கு நானே எம். புதுப்பட்டிக்குப் போறேன்.

ஆவணி 23, திங்கள்

பொட்டுவக் கூட்டிட்டுக் கிளம்பினேன். மினி பஸ்ல ஏத்தமாட்டேன்னுட்டான். ஷேர் ஆட்டோ. வழி பூரா எதுக்க வந்த லாரிய எல்லாம் குலைச்சா. ஆட்டோக்காரன், “ஆச்சி, உங்க நாய்க்குத் தூங்கவே தெரியாதா?” “தெரியாதுப்பா, தெரியக் கூடாது.”

சீனியம்மா வேலைக்குப் போகல. அதப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

லச்சுமி பாயில. வலது கையில மாவுக்கட்டு, உதடு வீங்கியிருக்கு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, தொட்டில்ல கெடந்துச்சாம். சனிக்கிழமை மத்தியானம். நான் ஜட்ஜுக்காகக் காத்துக்கிட்டிருந்த சனிக்கிழமை.

சீனியம்மா கத்தல. கத்தியிருந்தா நல்லாயிருக்கும். வாசலப் பாத்துக்கிட்டே சொன்னா.

“நாயத் தாண்டித்தான் வந்திருக்கான் பெரியம்மா. அது படியில படுத்துக் கெடந்துச்சாம். கதவு தட்டினது, இவ கத்தினது, பிள்ளை அழுதது, எதுக்கும் எந்திரிக்கல. இவளத் தள்ளிவிட்டு, இவ கட்டாந்தரையில போய் விழுந்தா பாருங்க, அப்பதான் எந்திரிச்சுச்சாம். வாலாட்டிக்கிட்டு இவ பக்கத்துல வந்து நின்னுச்சாம்.”

அது கூப்பிட்டாகன்னு நெனச்சிருக்கு. நாங்க அப்படித்தானே பழக்கினோம்.

நான் சொன்னேன், அம்புட்டையும். சுவத்துக் கோடு, வியாழக்கிழமையே தெரிஞ்சது, ரெண்டு நாள் பொறுத்தது. ஒண்ணையும் மறைக்கல. லச்சுமி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

சீனியம்மா கடைசியில, “நீங்க சொன்னீகன்னுதான் வாங்கினேன் பெரியம்மா.”

பொட்டுவ அங்கன விட்டேன். வேணாம்னு சொல்லல, வேணும்னும் சொல்லல. வீரனக் கூட்டிட்டு வந்தேன். ஆட்டோவுல என் மடியில தலைய வச்சுத் தூங்கிட்டு வந்துச்சு. அது மேல என்ன குத்தம்?

கிளம்புறப்ப சீனியம்மா தண்ணி குடுத்தா. குடிச்சேன்.

ஆவணி 24, செவ்வாய்

லேசா தூத்தல். துணி காயல.

கப்ப எடுத்துத் தெருவுல எறிஞ்சேன். மு. பாய்ஞ்சு வந்தான்.

“எல்லாத்தையும் என் தலையில போடாத! வெள்ளையன வாங்கிட்டு வந்த மறுநாளே அப்பா எனக்குக் காட்டினாரு. எனக்குப் பதிமூணு வயசு. காதுக்குப் பின்னால கை தட்டினாரு, திரும்பல. ஏமாந்துட்டோம்டான்னாரு. அப்புறம் மிதிச்சுப் பாத்தாரு, திரும்புச்சு. அப்பவே சிரிச்சுட்டாரு.”

“ஜமீன் வீட்டுப் பழக்கம்னாகளே?”

“எந்த ஜமீன்? உனக்காகச் சொன்னது அது.”

“எங்கிட்ட ஏன்டா மறைக்கணும்?”

தலையக் குனிஞ்சுக்கிட்டான். “உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஊருக்குச் சொல்லிருவா. தெரியாட்டி அவ சொல்றத ஊரு நம்பும். அவ நம்பிச் சொல்லணும், அப்பதான் நாய் போகும். அப்படின்னாரு.”

செல்வி அடுப்ப அணைச்சுட்டு வெளிய வந்தா.

முப்பது வருசம். ஏழு தலைமுறைய மூச்சு விடாம ஒப்பிச்சேன். ஞாபகசக்திக்காரின்னு என்னைய முன்னால உக்கார வச்சு வித்தது நாய மட்டுமில்ல. என் வாய வித்திருக்காக. காப்பிக் கலர்க் குட்டியக் குடுக்கமாட்டேன்னு நான் அழுத அன்னிக்கு, “கலப்புடி, கண்ணத் தொடச்சிட்டுச் சாக்க எடு”ன்னாக. கேக்குற குட்டி அதுன்னு தெரிஞ்சே சொல்லியிருக்காக.

மாலையக் கழட்டிட்டேன். போட்டோவத் திருப்பி வச்சேன். மு. பாத்தான்.

லச்சுமி புருசன் மேல புகார் குடுத்திருக்காக, நானும் சாட்சிக்குப் போவேன். கோபால் இனி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. ஜட்ஜ மறக்கமாட்டேன். மு.வோட எப்பப் பேசுவேன்னு தெரியல, ஆனா பேசுவேன், பெத்துட்டேன். வெள்ளிக்கிழமையே போகாத என்னையும் லச்சுமி மன்னிச்சாதான் உண்டு.

ஒருத்தர மட்டும் நான் எந்தக் காலத்துலயும் மன்னிக்கமாட்டேன். அவுக பேரு வாயில வந்ததில்ல, கையில வரட்டும்.

சுப்பையா.