மடக்கிய கை

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வயிறு எரிகிறது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய ஐஸ் பேக்டரிக்கு வெள்ளையடித்து ஊர் வரலாற்றுக் காட்சிக்கூடம் ஆக்கிவிட்டார்கள். உடைந்த துடுப்பு, துருப்பிடித்த நங்கூரம் என்று நாம் கொல்லையில் போட்டிருந்ததெல்லாம் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. போகட்டும். படங்களுக்குக் கீழே இருக்கும் வரிகளை எழுதியது நீ என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. திறப்பு விழா வரை பொறுக்காமல் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனேன்.

நுழைந்ததும் எதிரே, ஆள் உயரத்துக்கு அம்மாவின் படம். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு கையைத் தூக்கியிருக்கிறாள். கீழே உன் வரி: “கடலுக்குச் செல்லும் கணவனுக்குக் கையசைத்து விடைகொடுக்கும் மனைவி.”

டேய், உனக்குக் கண் அவிந்தா போயிற்று? அந்தக் கையில் விரல்கள் மடங்கியிருப்பது தெரியவில்லையா? முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். விடியும் நேரத்தில் அம்மா இறங்கி, காலால் ஆழம் பார்த்து, திரும்பி வரும் படகு நுழைய வழியுள்ள இடத்தில் நிற்பாள். விரித்த கை என்றால் வா. மடக்கிய கை என்றால் வெளியிலேயே நில். இதை உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா?

பத்திரிகைக்காரர் அந்தப் படம் எடுத்த அன்று அப்பாவின் படகில் நீயும் இருந்தாய். அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டு போனவன், வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தாய். பையனுக்கு முடியலை, வழி விடுடீ என்று அப்பா அங்கிருந்து கத்துகிறார். முகத்துவாரத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது; அம்மா மடக்கிய கையை இறக்கவில்லை. பொறுமையில்லாமல் முந்தி வந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் படகு மணல் திட்டில் முட்டிக் கவிழ்ந்தது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. கடல் அடங்கிய பிறகுதான் அம்மாவின் விரல்கள் விரிந்தன. நீ உயிரோடு கரையேறியது அப்படித்தான்.

போனில் நான் கேட்டதற்கு, “தெரியும்க்கா, ஆனா பாக்க வர்றவங்களுக்கு இதுதான் மனசைத் தொடும்” என்றாய். தெரியாமல் எழுதியிருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். தெரிந்தே எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வரியைப் படித்துக் காட்டியதும் அம்மா சிரித்தாள். “நடுச்சாமத்துல உங்கப்பா கெளம்புறப்போ நான் என்னிக்குடி முழிச்சிருந்தேன்?” என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு இல்லை. வலது கையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறாள்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அந்தப் படத்துக்கு அடியிலேயே அம்மாவை நாற்காலி போட்டு உட்காரவைக்கப் போகிறார்களாம். செத்துப்போன பெரியப்பாவின் மகளும் வருவாள். அவள் முன்னால் அம்மா டாட்டா காட்டிய பெண்ணாக உட்கார வேண்டுமா? மேலாளரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். எழுதியவர் சொன்னால்தான் மாற்றுவோம் என்கிறார். ஒரு வரிதானே. உடனே சொல்லி மாற்று.

வியாழக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறாய். உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர். அம்மா வாசலில் விரித்த கையோடுதான் நிற்பாள், பெற்ற மனம் அப்படி. பக்கத்தில் நானும் நிற்பேன். என் கையைப் பார்த்துவிட்டு உள்ளே வா.

இப்படிக்கு,
உன் அக்கா