பிந்திய மௌத் அறிவித்தல்

மச்சான், இன்று சுபஹு தொழுதுவிட்டு வந்து தேநீரை வாயில் வைக்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கி செருமியது. "ஜனாஸா அறிவித்தல்" என்றார் மோதினார். யார் மௌத்தாகிப் போனதோ என்று காதுகொடுத்தேன். அடுத்து உன் பெயர். வேறு யாரோ என்று நின்றேன். உன் வாப்பாவின் பெயரும் வந்தது. நேற்றுப் பின்னேரம்கூடத் தொலைபேசியில் என்னைக் கிண்டலடித்தவன் நீ. ஊரின் எல்லாப் பள்ளிகளிலும் அது ஒன்றாகக் கேட்டது. அந்த ஏற்பாடே நாம் இருவரும் செய்ததுதானே.

யுத்தம் முடிந்து, கூரையில் அன்டெனா நிமிர்த்தினால் எவன் வந்து விசாரிப்பானோ என்ற பயம் போன காலம். கடற்கரைப் பள்ளியின் மைக்கை மற்றப் பள்ளிகளோடு இணைக்க ஒற்றைக்காலில் நின்றாய். காரணம் எனக்குத் தெரியும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் உன் மனைவி போனாள். அன்று மைக்கும் இல்லை, மோதினாரும் இல்லை. கிடைத்தவர்களைக் கிடைத்த இடத்தில் அடக்கினார்கள். அவளுடைய மௌத்தை ஊருக்கு யாரும் சொல்லவேயில்லை. "நாய் செத்தாலும் நாலு பேருக்குத் தெரியும் மச்சான்" என்றாய் ஒருநாள். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அதற்கு நாம் பிடித்த வழி மல்டிகாஸ்ட்: ஒரு குரலை, கேட்கப் பதிந்தவர்களுக்கு மட்டும் நெட்வொர்க் சுவிட்ச் பிரித்து அனுப்புவது. இணைத்து முடித்த அன்று, அஸர் தொழுகைக்குப் பிறகு, மைக்கில் "ஹலோ, ஹலோ" என்றேன். எல்லாப் பள்ளிகளிலும் கேட்கிறதாம். துள்ளினோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"இன்னும் இரிக்கீங்களாண்டு இடைக்கிட விசாரிக்க ஒருத்தன் வேணும். அந்தக் குவெரியரப் போடல்ல. விசாரிக்காட்டி எல்லாரும் போய்ட்டாங்கண்டு சுவிட்ச் வெட்டிடும்."

அதைச் சரிசெய்தாய். "இனி நிறுத்தாமக் கதைச்சாத்தான் தெரியும், அறுபடுதா இல்லையாண்டு."

மைக்கை வாங்கினாய். ஒன்று, இரண்டு எண்ணுவாய் என்றிருந்தேன். "ஜனாஸா அறிவித்தல்" என்றாய். உன் மனைவியின் பெயர், அவளுடைய வாப்பாவின் பெயர், வீட்டு ஒழுங்கையின் பெயர். "கடல் வந்த அன்று வபாத்தானார். நல்லடக்கம்..." அதோடு நின்றாய். எந்த மையவாடியில் அடக்கினார்கள் என்று உனக்கே தெரியாது.

சனம் ஓடிவந்தது. ஏசப் போகிறார்கள் என்று பயந்தேன். சாரத்தை மடித்துக்கட்டிய மீன்காரர் ஒருவர் கதவடியில் நின்றார்.

"தம்பி, என்ட மகள்ட மௌத்தயும் ஒருக்காச் சொல்லேலுமா?"

மைக்கை அவர் கையிலேயே கொடுத்தாய். அவருக்குப் பின்னால் இன்னொருவர். முற்றத்தில் பெண்கள். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. இணைப்பு ஒரு தடவையும் அறுபடவில்லை. நீ சுவிட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருந்து அழுதாய். நானும்தான்.

இப்போதும் எங்காவது மைக் வேலை முடிந்தால் "ஹலோ சொல்லிப் பாருங்க" என்பார்கள். எனக்கு அது வாயில் வராது. அன்று கேட்ட பெயர்களில் ஒன்றைத்தான் சொல்கிறேன். நாளைக்கு மருதமுனையில் ஒரு பள்ளிக்கு மைக் இணைக்க வேண்டும். உன் பெயரைச் சொல்ல எனக்கு வராது மச்சான். இப்போதைக்கு வராது.