பம்புப் பட்டறையில் குண்டுக் கூடு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், கரண்ட்டுக்குத்தான் சுகமில்லை. ஊருக்கு வெளியே ஆயுதத் தொழிற்சாலை வந்ததிலிருந்து அங்கே பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது. நம் பட்டறையில் லேத்தை ஓட்டினால் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. மின்வாரியத்தில் போய்க் கேட்டால், "மேலிடத்து உத்தரவும்மா, எங்க கையில என்ன இருக்கு?" என்கிறார் பொறியாளர்.

லேத்தில் நின்ற நம் கடைசல்காரரும் அங்கேயே போய்விட்டார். இரண்டு மடங்கு சம்பளமாம். போகாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஆற்றுப் பாலம் வெறும் தூணோடு நிற்கிறது; அந்தப் பணத்தையும் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டார்களாம். நம் பம்புகளை ஏற்றிய லாரி மலையைச் சுற்றிப் போவதற்குள் வாடகையே லாபத்தைத் தின்றுவிடுகிறது. வானொலியிலோ நாடு வளர்கிறது என்று ஓயாத பேச்சு.

கம்பளிக் காலுறை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர்ப் பணமெல்லாம் ராணுவத்துக்குப் போகிறது, ராணுவத்தில் இருக்கும் என் தம்பிக்குக் காலுறை இல்லை! நடுவில் யார் அந்தக் காலுறையை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்? பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் அந்தத் தொழிற்சாலை அதிகாரி பட்டறைக்கே வந்தார். பம்பை விட்டுவிட்டுப் பீரங்கிக் குண்டுக்கு வெளிக்கூடு கடைந்து கொடுத்தால் தடையில்லாமல் கரண்ட் தருவதாகச் சொன்னார். "ஜனங்க தண்ணி இறைக்க வேணாமாங்க?" என்று கேட்டேன். "பம்பை வெளிநாட்டுலேர்ந்து வாங்கிக்கலாம்மா" என்றார்.

ஆட்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டேன். வெல்டர் மட்டும், "வீட்டுல அடுப்பு எரியணுமேக்கா" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பம்புக்கு முன்பணம் கொடுத்திருந்த விவசாயிகளின் வீடுகளுக்கு நானே போய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் கையை நீட்டவே இல்லை. "அடுத்த வருஷமாவது செய்வீங்களா?" என்று கேட்டார். பணத்தை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று முதல் கூடு லேத்திலிருந்து இறங்கியது. ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தமான வேலை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

தொழில் செய்கிறவள் இப்படி வேண்டிக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன்: நான் கடைகிற கூடெல்லாம் உங்கள் கிடங்கிலேயே கிடந்து துருப்பிடிக்கட்டும். ஒன்றுகூட உன் கைக்கு வர வேண்டாம். நீ முழுசாக வீடு வந்து சேர், ராசா.

உன் அக்கா